லாரியின் ஹெட் வளைந்த விதம்

பெம்பா
12 நவம்பர் 1988

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஆற்றங்கரை ராஜ வம்சத்தில் பிறந்து, விதிவசத்தால் டோங்கா மாட்டுக்காரர்கள் வீட்டில் பெண்ணெடுத்த லோசி இனத்தவன், இமாசிக்கு என்கிற நான் எழுதுவது. நானும் உங்கள் தங்கை துவாம்போவும் நல்லபடியாக இருக்கிறோம். மாடுகள் எங்களைவிட நன்றாக இருக்கின்றன. மழை இரண்டு தூறல் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறது. சுரங்கத் தூசியில் உங்கள் நெஞ்சுச் சளி தேவலையா?

என்னிடம் ஓட்டக் கொடுத்த உங்கள் லாரிக்குச் சின்னக் கோளாறு. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சினின் மேல்மூடி ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் தண்ணீர் கசிகிறது. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினால் பால் விட்ட தேநீர் மாதிரி வருகிறது. இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக வைக்கிற தகடு, ஹெட் கேஸ்கட், போய்விட்டது என்று நினைக்கிறேன். வயதான வண்டிதானே. மைல் காட்டும் மீட்டரே மூன்று லட்சத்தைத் தாண்டியதும் வெறுத்துப்போய் நின்றுவிட்டது.

சோமாவில் உங்கள் சிநேகிதர் ஹிமூங்காவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக மாட்டேன். அவர் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் ஒன்பது ஊர்க்கதை பேசுவார். வீட்டிலேயே மாமரத்தடியில் நானே மாற்றிவிடுகிறேன். நீங்கள் ஒரு கேஸ்கட் வாங்கி ரயில் கார்டு வசம் கொடுத்துவிட்டால் போதும். நீங்கள் வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் வர வேண்டாம், ரயிலில் கூட்டம் தாங்காது.

இங்கே சோப்பு கிடைப்பதே இல்லை. கிட்வேயில் கிடைத்தால் ஒரு பெட்டி சேர்த்து அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையை மணந்த பாவி,
இமாசிக்கு


கிட்வே
4 டிசம்பர் 1988

மாப்பிள்ளைக்கு,

சளி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டது. மற்றபடி சுகம். துவாம்போவின் முழங்கால் வலி எப்படி?

சின்னக் கோளாறா? ஹெட் கேஸ்கட் போவது உனக்குச் சின்னக் கோளாறா? உன் தாத்தாக்கள் எங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நீ என் தங்கையை ஓட்டிக்கொண்டு போனாய். மிச்சம் இருந்தது ஒரு லாரி, அதையும் முடித்துவிட்டாய்.

ஜூன் மாதத்தோடு எனக்கு இந்தச் சுரங்கத்தில் வேலை முடிகிறது. இந்த வீடு கம்பெனியுடையது. கட்டில்கூடக் கம்பெனியுடையது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த லாரி ஒன்றுதான். ஊரெல்லாம் சோளம் அறுத்து மூட்டை கட்டும்போது அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் மிச்சக் காலத்துக்கு உன் வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு. நீ பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேஸ்கட் அனுப்பியிருக்கிறேன். எழுதுவதை நிதானமாகப் படி. முதலில் தண்ணீரை முழுக்க இறக்கு. ஹெட்டைத் தூக்கியதும் இரண்டு முகத்தையும் சுத்தம் செய். மண்வெட்டியால் சுரண்டாதே. உன்னைத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். புதுக் கேஸ்கட்டில் மேல் பக்கம் எது என்று எழுதியிருக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரே மூச்சில் இறுக்காதே.

சோப்பு அனுப்பவில்லை. வரிசையில் நின்று எனக்கு ஒரு கட்டிதான் கிடைத்தது.

போன வாரம் சர்ச்சில் ஒருவர் என்னிடம், “உங்க பொண்ணு டீச்சர் டிரெயினிங் முடிச்சிட்டாளா?” என்று கேட்டார். எனக்குப் பெண் யாரும் இல்லை என்றேன். துவாம்போ அழுதுகொண்டே ஏதாவது எழுதத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கும் அதையே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கல்லூரியிலிருந்து திரும்பி வந்தவளின் பேச்சு நம் கடிதங்களில் வர வேண்டாம்.

மாடுகளைக் கேட்டதாகச் சொல்.

மூச்சிம்பா


பெம்பா
2 ஜனவரி 1989

அன்புள்ள மச்சானுக்கு,

புது வருடம் உங்களுக்குக் கோபத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்டட்டும். துவாம்போவின் முழங்கால் மழைக்காலம் முழுக்கத் தகராறு செய்கிறது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, சோளம் இடுப்பளவு நிற்கிறது.

கேஸ்கட் வந்தது. மாமரக் கிளையில் சங்கிலி போட்டு ஹெட்டைத் தூக்கினோம். பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். அதாவது ஒருவர் தூக்கினார், மூவர் யோசனை சொன்னார்கள். உங்கள் தங்கை வாசலில் நின்று, “அந்தக் கிளை முறிஞ்சா மாம்பழமும் போச்சு, நீங்களும் போச்சு. எனக்கு மாம்பழம்தான் முக்கியம்” என்றாள். கிளை முறியவில்லை. மண்வெட்டியைத் தொடவும் இல்லை.

எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்தேன். பதினைந்து நிமிடம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு மேலே எண்ணெய் வராமல் கடகடவென்று சத்தம். நிறுத்திவிட்டு மறுபடி கழற்றிப் பார்த்தேன். கேஸ்கட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். எண்ணெய் போகிற துளை அடைபட்டுவிட்டது.

இதை நானே எழுதுகிறேன் என்பதைக் கவனியுங்கள். மறைக்கிற ஆளாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நசுங்கிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாதாமே. இன்னொன்று அனுப்ப முடியுமா? நீங்கள் நேரில் வந்து திட்ட வேண்டும் என்று அவசியமில்லை, கடிதத்தில் திட்டினாலே எனக்கு உறைக்கிறது. சோப்பும் மறக்க வேண்டாம், நிறைய வேண்டும்.

இமாசிக்கு


கிட்வே
22 ஜனவரி 1989

மாப்பிள்ளைக்கு,

சுகமாக இருந்தேன், நேற்று உன் கடிதம் வரும்வரை.

மேல் பக்கம் எது என்று கேஸ்கட்டில் எழுதியிருந்தது. உங்கள் ராஜாவின் படகோட்டிகளுக்குக்கூட எது மேல், எது கீழ் என்று தெரியும். தெரியாவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் ஃபோர்மேன் சிரித்துச் சிரித்து இருமினார். “அந்தாளை இங்க வேலைக்குச் சேர்த்துக்கலாமா, பொழுது போகும்” என்கிறார்.

இன்னொரு கேஸ்கட் அனுப்பியிருக்கிறேன். இது கிடைக்க நான் பட்ட பாட்டை எழுதினால் தபால்தலை போதாது. இதையும் கெடுத்தால் உன்னை எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைத்து இறுக்குவேன்.

இரண்டு கிழடுகள் மட்டும் இருக்கிற வீட்டுக்குச் சோப்பு ஏன் இவ்வளவு வேண்டும்? நான் ஏன் வரக் கூடாது? கிறிஸ்துமஸுக்குக் கூட்டம் என்றாய், சரி. ஈஸ்டருக்கு என்ன சொல்வாய்?

துவாம்போ ஏன் எழுதுவதில்லை? முழங்காலில்தானே வலி, கையில் இல்லையே.

மூச்சிம்பா


பெம்பா
19 பிப்ரவரி 1989

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். துவாம்போ உங்களுக்கு நூறு வணக்கம் சொல்லச் சொன்னாள். எழுத நேரமில்லையாம்.

சோப்பு கிரீஸ் கழுவ.

ஈஸ்டருக்குச் சாலையெல்லாம் சேறாக இருக்கும். வர வேண்டாம்.

இரண்டாவது கேஸ்கட்டைச் சரியான பக்கம்தான் போட்டேன். துவாம்போவை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லி, பாதிரியாரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் போட்டேன். நீங்கள் சொன்ன வரிசையில் நடுவிலிருந்து வெளியே இறுக்கினேன். ஒரு வாரம் ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவை மோன்சேக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் மறுபடி வெள்ளைப் புகை. குழுவினர் இறங்கி நடந்துபோனார்கள். தலைவி என்னைப் பார்த்து, “அடுத்த தடவ கழுதை வண்டியில போறோம். கழுதைக்கு கேஸ்கட் கிடையாது” என்றாள். ஒரு வாரமாக ஊரில் என் பெயர் கேஸ்கட்.

கழற்றி, இரும்பு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நிறுத்திப் பார்த்தேன். நடுவில் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடு நுழைகிறது. ஹெட் வளைந்திருக்கிறது, மச்சான். இதைச் சமமாக இழைக்கிற மெஷின் இங்கே எங்கும் இல்லை. அதனால் ஹெட்டையே சாக்கில் கட்டி கார்டு வசம் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இழைத்து அனுப்புங்கள்.

எதனால் வளைந்தது என்று தெரியவில்லை. வயதாகிவிட்டால் எல்லாமே வளைகிறது.

இமாசிக்கு


கிட்வே
12 மார்ச் 1989

அன்புத் தங்கை துவாம்போவுக்கு,

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். உன் புருஷன் பார்க்க வேண்டாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவன் மூலமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நீயே எழுது.

லாரியின் ஹெட் வந்து சேர்ந்தது. சாக்கைப் பிரித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரும்பு நீலம் பாரித்துக் கிடக்கிறது. துவாம்போ, ஹெட் வயதானால் வளையாது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எஞ்சின் கொதிக்கக் கொதிக்க, நிறுத்தாமல் நெடுந்தூரம் ஓட்டினால்தான் இப்படி ஆகும். அறியாமல் செய்கிற காரியமில்லை இது. கொதிக்கிற வண்டி ஆவி கக்கும், கத்தும், மணக்கும். கண்ணும் காதும் உள்ள எவனும் நிறுத்திவிடுவான். உன் புருஷன் நிறுத்தவில்லை.

எங்கே போனான்? யாரை ஏற்றிக்கொண்டு போனான்?

யோசித்துப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்புக்குப் போக மாட்டேன் என்கிறான், ஊர்க்கதை பேசுவார்களாம். என்னை வராதே என்கிறான். பெட்டி பெட்டியாகச் சோப்புக் கேட்கிறான். கிரீஸ் கழுவவாம். தங்கச்சி, நான் சொல்கிறேன் என்று மனம் உடையாதே. அவனுக்கு வேறொரு வீடு இருக்கிறது. அங்கே கைக்குழந்தை இருக்கிறது. என் லாரியில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

நீ ஒரு வார்த்தை எழுது. நான் வந்து உன்னையும் லாரியையும் மாடுகளையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அந்த மீன்தின்னி தன் ஆற்றுக்கே நடந்து போகட்டும்.

உன் அண்ணன்,
மூச்சிம்பா


பெம்பா
27 மார்ச் 1989

அண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். இவ்வளவு சந்தேகப்படுகிற ஆளுக்கு ரத்தம் நன்றாக ஓடும்.

உன் கடிதத்தை என் புருஷனிடம் காட்டிவிட்டேன். நீ காட்டாதே என்று எழுதியதற்காகவே காட்டினேன். “உங்க அண்ணனுக்கு எஞ்சின் நல்லாப் புரியுது, மனுஷங்கதான் புரியல” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சிரித்துக்கொண்டுதான் போனார். நான் சிரிக்கவில்லை.

கைக்குழந்தை இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அது உன் பேரன்.

உன் மகள் லுயாண்டோ போன ஜூலையில் ரயிலில் வந்து இறங்கினாள். நீ வாசலுக்கு வெளியே வைத்தாயே ஒரு தகரப் பெட்டி, அதைத் தலையில் சுமந்துகொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தாள். அவள் அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். வேறு எங்கே போவாள்? “அப்பாவுக்கு மட்டும் எழுதாதீங்க அத்தை” என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். அதனால்தான் நான் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போனவனை நீ ஒரு வார்த்தை திட்டியதாக நான் கேள்விப்படவில்லை. திட்டு முழுவதும் அவளுக்கு.

அக்டோபரில் வெயில் உச்சியில் நிற்கும்போது அவளுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது. வலியோடு ரத்தமும் வந்தது, வரக்கூடாத அளவுக்கு. மருத்துவச்சி பார்த்த உடனே கையை உதறிவிட்டு, “என்னால ஆகாது, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, இப்பவே” என்றாள். லாரி மட்டும்தான் இருந்தது. நான் கேபினில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழி போவதற்குள் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. அவர் இறங்கிக் கந்தலால் கட்டினார். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விட்டது. அந்தச் சாலையில் அக்டோபரில் ஓடைகூட மண்தான். பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்து முன்கண்ணாடியை மூடியது. நீ எழுதியிருக்கிறாயே கத்தும், மணக்கும் என்று. எல்லாம் நடந்தது. எனக்கும் காது இருக்கிறது.

லுயாண்டோ கண்ணைத் திறந்தாள். “மாமா, நிறுத்துங்க. எஞ்சின் போயிடும். அப்பாவோட லாரி” என்றாள். அந்த நிலையிலும், அண்ணா. கீழே சீட்டு நனைந்துகொண்டிருக்கிறது, அவள் உன் லாரிக்காகக் கவலைப்படுகிறாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்கப்பனுக்கு என்னைத் திட்ட வருஷத்துக்கு ஒரு காரணம் வேணும்மா. இந்த வருஷத்துக்கு இது இருக்கட்டும்” என்றார். ஆறவிட்டுப் போயிருந்தால் ஹெட் பிழைத்திருக்கும். அவள் இருந்திருக்க மாட்டாள். டாக்டரம்மா எங்களிடம் அதைத்தான் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் உங்களிடம் துணியில் சுற்றித்தான் கொடுத்திருப்பேன் என்றார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்கு அவர் போகாததற்குக் காரணம், ஹிமூங்கா ஹெட்டைப் பார்த்த அன்றைக்கே உனக்குத் தந்தி கொடுத்திருப்பார். உன்னை வராதே என்றதற்குக் காரணம், நீ வந்தால் அந்தப் பெட்டி எங்கள் வாசலிலிருந்தும் வெளியே போகுமோ என்று அவள் பயந்தாள். அது என் வாசல், அண்ணா. போகாது.

என்னையும் மாடுகளையும் அழைத்துப் போக வருவதாக எழுதியிருக்கிறாய். மாடுகளைக் கேட்டுப் பார்த்தேன். வரவில்லையாம்.

துவாம்போ


பெம்பா
7 மே 1989

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் இருக்கிறீர்களா என்றுதான் தெரியவில்லை.

துவாம்போ எழுதி வாரக்கணக்காகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ரயில் கார்டிடம் கேட்டேன். “உங்க மச்சானைக் கிட்வே ஸ்டேஷன்ல பார்த்தேன், நல்லாத்தான் இருக்காரு, யார்கிட்டயும் பேசல” என்றார்.

சோளம் முற்றிவிட்டது. மக்கள் மாட்டு வண்டிகளுக்கு முன்பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். “இமாசிக்கு, உன் லாரி எப்ப?” என்று கேட்கிறார்கள். ஹெட் இல்லாத எஞ்சினைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் தூக்கிப் பார்த்தால் உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லாப் பக்கமும் அலுப்பாக இருக்கிறது.

லாரியை நான்தான் கெடுத்தேன். தெரிந்தேதான் கெடுத்தேன். அந்தச் சாலையில் இன்னொரு முறை போக நேர்ந்தாலும் அப்படியேதான் ஓட்டுவேன். இதை நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டதால் வயது, சேறு, கிரீஸ் என்று என்னென்னவோ எழுதினேன். எனக்கே என் கடிதங்கள் எரிச்சலாக இருந்தன.

திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். மாட்டுக்காரன் திட்டுகிறானே என்று நான் வருத்தப்பட்டதே கிடையாது. பேசாமல் இருப்பது உங்களுக்குப் பழக்கமில்லை, எனக்கும் தாங்கவில்லை.

இமாசிக்கு


கிட்வே
28 மே 1989

மாப்பிள்ளைக்கு,

சுகம்.

ஹெட்டை இழைத்துவிட்டேன். மெஷினில் நானே நின்று இழைத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. வேலையும் இரண்டு வாரம் முன்னதாகவே முடிகிறது, விடுப்பு மிச்சம் இருந்தது. கணக்கு முடிக்க மட்டும் ஜூலையில் திரும்பி வர வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ரயிலில் ஹெட்டோடும் புதுக் கேஸ்கட்டோடும் வருகிறேன். ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டி கொண்டு வா. அதற்குள் பிளாக்கின் முகத்தைத் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்து வை. கோழியை எழுப்பு.

நான் லாரிக்காக மட்டுமே வருகிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு லாரியின் கேபினில் படுக்கை போட்டுவிடு.

ஒரு பெட்டி சோப்பு கொண்டுவருகிறேன். கிரீஸ் கழுவ.

மூச்சிம்பா


பெம்பா
25 ஜூன் 1989

அன்புள்ள அப்பா,

நீங்கள் நல்லபடியாகக் கிட்வே போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் இருமல் அதிகமாக இருந்ததா? இங்கே காலையில் குளிர் ஊசி மாதிரி குத்துகிறது. அத்தையும் மாமாவும் நலம். நாங்களும் நலம்.

நான் எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “எழுது, கிழிச்சுப் போட்டா போடட்டும், காகிதம் நம்மளோடதுதானே” என்றார்கள்.

லாரி ஓடுகிறது. மாமா தினமும் சோளம் ஏற்றுகிறார். புகை இல்லை, எண்ணெயில் தண்ணீர் இல்லை. ஆனால் இப்போது அடியிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விழுகிறது. மாமா கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “இது வேற கேஸ்கட், இதை உங்கப்பாகிட்ட சொல்லாதே” என்றார். இனி எதையும் உங்களிடம் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் சொல்லிவிட்டேன்.

அப்பா, நீங்கள் வந்திருந்த நாட்களில் லாரியிடம் பேசியதில் கால்வாசி என்னிடம் பேசியிருக்கலாம். “வா ராஜா, உட்காரு, அப்படித்தான்” என்று அந்த ஹெட்டிடம் எவ்வளவு அன்பாகப் பேசினீர்கள். மாமாவிடம் கத்தினீர்கள். “மாப்ளே, அதைத் தொடாதே. அது மேல மூச்சுகூட விடாதே” என்றீர்கள். “நான் மூச்சு விட்டாலும் வளைஞ்சிடுமா மச்சான்?” என்று மாமா கேட்டதற்கு ஸ்பேனரை ஓங்கினீர்கள். நான் களியும் புளித்த பாலும் கேபின் படியில் வைத்தேன். சாப்பிட்டீர்கள், தட்டைக் கழுவி அதே படியில் வைத்தீர்கள். ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை.

எல்லாம் பூட்டி முடித்ததும், “யாராவது ஏறிச் சாவியைத் திருப்புங்க” என்று பொதுவாகக் கத்தினீர்கள். மாமா கையில் எண்ணெய்க் குவளை. அத்தை அடுப்படியில். நான் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் எஞ்சினிலிருந்து நிமிர்ந்தீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பது நான் என்று பார்த்துவிட்டு அப்படியே நின்றீர்கள். இறங்கச் சொல்வீர்கள் என்று கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன். அப்புறம் “திருப்பு” என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைதான், அப்பா. நான் திருப்பினேன். அது ஸ்டார்ட் ஆனதும் நீங்கள் எஞ்சினைப் பார்க்கவில்லை. துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அன்று மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டீர்கள்.

இங்கே தொடக்கப் பள்ளியில் டீச்சர் இல்லாத வகுப்புக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். போகப்போகிறேன். பிள்ளையைப் பெற்றதற்காக உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கும், மாமாவைப் பொய் சொல்ல வைத்ததற்கும் கேட்கிறேன்.

சோப்புக்கு நன்றி. கிரீஸ் நன்றாகப் போகிறது.

உங்கள்,
லுயாண்டோ


கிட்வே
16 ஜூலை 1989

லுயாண்டோவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இருமல் குறைந்திருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதில் உனக்குக் காது வலி வரும்.

அடியில் சொட்டுவது எண்ணெய்ச் சட்டி கேஸ்கட். அந்த ஆற்றுக்காரனை அதைத் தொட வேண்டாம் என்று சொல். அவன் தொட்டால் அடுத்து சக்கரம் கழலும். ஹெட் போல்ட்டுகளையும் ஐநூறு மைல் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். அதையும் அவன் செய்யக் கூடாது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும். அதை நீ பார். வகுப்புக்குப் போவதற்கு முன் பார்.

அவனிடம் இன்னொன்றும் சொல். அந்தச் சாலையில் மறுபடி போக நேர்ந்தால் அப்படியேதான் ஓட்டுவேன் என்று எழுதியிருந்தான். ஓட்டட்டும். ஹெட்டை நான் இழைத்துக்கொள்கிறேன். இதை நானே அவனுக்கு எழுதினால் ஊர் முழுக்க வாசித்துக் காட்டுவான், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

துவாம்போ அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். அதற்கு மூன்று மாதத்துக்கு மேலாகப் பதில் யோசித்தேன். பெட்டியை நான் வெளியே வைத்த அன்று மழை பெய்யவில்லை. எனக்காகச் சொல்லிக்கொள்ள அதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். வரிசை மாறிவிட்டது. முதலில் கேட்க வேண்டியவன் நான்.

குழந்தையை நான் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தப்பு. பார்த்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய், துவாம்போ உள்ளே இருந்தாள். மாமரத்தடிப் பாயில் அவன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். என் இரண்டு கையிலும் முழங்கைவரை கருப்பு எண்ணெய். எப்படித் தூக்குவது? இரண்டு ஸ்பேனரை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினேன். அழுகையை நிறுத்திவிட்டான். இன்னும் தட்டு என்கிற மாதிரி பார்த்தான். நீ குடத்தோடு வருவதைப் பார்த்ததும் நான் லாரிக்கு அடியில் போய்விட்டேன். அவ்வளவு நேரம் அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

இங்கே கணக்கு முடிந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். கேபினில் குளிர் தாங்கவில்லை, வீட்டுக்குள் எங்காவது பாய் போடச் சொல்.

எரிச்சலாக வருகிறது, லுயாண்டோ. நீங்கள் மூன்று பேரும் எனக்கு எத்தனை கடிதம் எழுதினீர்கள். போல்ட், கிளை, கோழி, பாட்டுக் குழு, ஹாக்ஸா பிளேடு எல்லாம் எழுதினீர்கள். நான் அங்கே இருந்தபோதும் துவாம்போ ‘சின்னவன்’ என்றுதான் கூப்பிட்டாள், உன் மாமன் ‘தொர’ என்றான். ரயிலில் பக்கத்தில் இருந்தவர், “ஊர்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டார். “பொண்ணும் பேரனும்” என்றேன். “பேரன் பேரு என்ன?” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்? அடுத்த ரயிலிலேயே எழுது.

அப்பா